வலப்பக்கம் பார்த்த அம்பு

படத்தில் அம்புக்குறி இடமிருந்து வலமாகப் போயிருந்தது. அதற்கு நேர் எதிரே நின்று, கழுத்தைக் கொஞ்சம் சாய்த்து, கயோ அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாவட்ட அரசு அலுவலகத்தின் கீழ்த்தளக் கூடம் அது. பிப்ரவரி மாதத்துச் செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணி. அந்த ஆண்டு விருது வாங்கிய ஐந்து கூட்டு ஆய்வுகளையும் ஆளுயரத் தட்டிகளில் ஒட்டி வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். நான்காவது தட்டி கிதானி முலாம் தொழிற்சாலையுடையது. இடப்பக்கம் ஒரு வட்டம்: பல்கலைக்கழகம், பேராசிரியர் குசுமி, 'விதை'. வலப்பக்கம் ஒரு வட்டம்: கிதானி தொழிற்சாலை, 'தேவை'. மேலே குடை பிடித்த மாதிரி இன்னொரு வட்டம்: மாவட்ட அரசு, 'ஆதரவு'. நடுவில் தடித்த நீல அம்பு.

கூட்டத்துக்காக வந்த மினோவா, வாசலில் காலணிப் பனியைத் தட்டிவிட்டு நிமிர்ந்தபோது கயோவின் முதுகைப் பார்த்தார். முதுகைப் பார்த்ததுமே யாரென்று தெரிந்துவிட்டது. சத்தமில்லாமல் மாடிப்படிப் பக்கம் திரும்பிவிடலாம் என்று ஒரு அடி வைத்தார். கயோ திரும்பிவிட்டாள்.

"அட, மினோவா-சான்! நல்ல வேளை, வந்தீங்க. இத நீங்கதானே வரைஞ்சீங்க?"

"ஆமா, கயோ-சான். ரொம்ப நாளாச்சு. இன்னைக்கு வேலை இல்லையா?"

"இப்ப செவ்வாயும் வியாழனும் லீவுதான். மெஷின் வந்திருச்சுல்ல. அதான் பாஸ்போர்ட் புதுப்பிச்சிரலாம்னு வந்தேன். மக தைவான்ல இருக்கா." அவள் மறுபடியும் படத்தைப் பார்த்தாள். "இந்த அம்பு திரும்பி நிக்குதே?"

"அது படிவத்தோட முறைங்க. எல்லாப் படத்துலயும் இடப்பக்கம் பல்கலைக்கழகம், வலப்பக்கம் கம்பெனி. அம்பு இப்படித்தான் போகும்."

"ஓ. முறையா." அவள் தலையாட்டினாள். "சரிதான். அஞ்சு படத்துலயும் ஒரே மாதிரிதான் போகுது. அஞ்சு பேருக்கும் அங்கேயிருந்துதான் வந்திருக்கு. நல்ல வளமான இடம்."

அவள் கேலி செய்கிறாளா என்று மினோவாவுக்குப் பிடிபடவில்லை. முலாம் தொட்டிக்கு முன்னால் இருபத்திரண்டு வருடம் நின்ற முகம் அது. ஆவி பட்டுப்பட்டு, உள்ளே ஓடுவது எதுவும் வெளியே தெரியாத முகம்.

தட்டிக்குக் கீழே ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள், வெள்ளைத் துணி மேல், ஒரு சாண் நீள மரக்குழவி. எள் அரைக்க எல்லா வீட்டிலும் இருக்கும் சாதாரணக் குழவிதான், சான்ஷோ என்ற முள்மரத்தில் கடைந்தது. அதன் இடுப்பில் பல்கலைக்கழகத்தின் சொத்து எண் ஒட்டியிருந்தது. பக்கத்தில் ஒரு சின்ன அட்டை, ஆய்வில் அதற்கு வைத்த பெயரோடு: 'மோதல் ஊற்று - 1'.

"பேர்கூட மாத்தி வெச்சுட்டாங்க பாருங்க," என்றாள் கயோ. "மினோவா-சான், இதத் திருப்பிக் கேட்டா குடுப்பாங்களா? குளிருக்கு மெஷின் அடிக்கடி நின்னுருது. துடைப்பக் கட்டையால தட்டுறேன். சத்தம் சரியா விழல."

"கேக்கறேன். கண்டிப்பாக் கேக்கறேன்."

"'கண்டிப்பா'ன்னு ஏற்கெனவே ஒரு தடவ சொல்லிருக்கீங்க," என்றாள் அவள், சிரித்தபடி. பாஸ்போர்ட் சாளரத்தில் அவள் எண்ணைக் கூப்பிட்டார்கள். கைப்பையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

மினோவா மாடிக்குப் போனார். கூட்டம் ஒன்றரை மணி நேரம் நடந்தது. அதில் ஒரு சொல்கூட அவர் காதில் விழவில்லை.

நடந்தது இதுதான்.

மினோவாவின் வேலைக்கு இணைப்பாளர் என்று பெயர். பெரிய மின்கருவிக் கம்பெனி ஒன்றில் முப்பத்தாறு வருடம் இருந்து ஓய்வு பெற்றபின், மாவட்டத்துத் தொழில் வளர்ச்சி மையத்தில் வருடா வருடம் புதுப்பிக்கும் ஒப்பந்தத்தில் சேர்ந்தவர். சின்னத் தொழிற்சாலைகளுக்குப் போக வேண்டும், அவர்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்க வேண்டும், அதைத் தீர்க்கத் தெரிந்த பேராசிரியரைக் கண்டுபிடிக்க வேண்டும், இரண்டையும் சேர்த்து அரசிடம் உதவித்தொகைக்கு விண்ணப்பம் எழுத வேண்டும். தொழில், கல்வி, அரசு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சித்திர எழுத்து; அந்த மூன்றையும் ஒட்டி ஒரே சொல்லாகச் சொல்வார்கள். அந்தச் சொல்லில் தொழில்தான் முதலில் வரும். படத்தில்தான் அது வலப்பக்கம் போய்விடும்.

படம் என்றால் போன்ச்சி படம். எவ்வளவு பெரிய திட்டமானாலும் ஒரே தாளில், வட்டமும் பெட்டியும் அம்புமாக வரைந்து முதல் பக்கமாக வைக்க வேண்டும். மதிப்பிடுகிறவர்களில் பாதிப்பேர் அந்த ஒரு தாளோடு நிறுத்திக்கொள்வார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் மற்ற நாற்பது பக்கத்துக்கு ஆகும் நேரம் அந்த ஒரு பக்கத்துக்கு ஆகும். மினோவா அதில் கைதேர்ந்தவர். 'மினோவா-சான் படம் போட்டா பாதி வேலை முடிஞ்சுது' என்று மையத்தில் சொல்வார்கள். அதைக் கேட்க அவருக்குப் பிடித்தும் இருந்தது.

கிதானி தொழிற்சாலைக்கு அவர் முதன்முதலில் போனது முந்தின வருடத்துக்கு முந்தின ஜூன் மாதம். கடலோரம், பதினாறு பேர் வேலை செய்யும் இடம். குழாய்த் திருகுகளுக்கும் மருத்துவக் கருவிகளின் சின்னச் சின்ன இணைப்புகளுக்கும் நிக்கல் முலாம் பூசுகிறார்கள். தொல்லை என்னவென்றால் ஊசித்துளை. தொட்டிக்குள் இருக்கும்போது பொருளின் மேல் குமிழி வந்து ஒட்டிக்கொள்ளும். குமிழி உட்கார்ந்த இடத்தில் முலாம் ஏறாது. எடுத்துப் பார்த்தால் ஊசி குத்திய மாதிரி துளை. நூற்றுக்குப் பதினொன்று வீணாகிறது என்று முதலாளி கிதானி தலையில் கை வைத்துக்கொண்டார்.

அப்போது மூன்றாவது தொட்டிப் பக்கமிருந்து சத்தம் வந்தது. டொக், டொக். கொஞ்சம் இடைவெளி. டக்.

"அது என்ன?" என்றார் மினோவா.

"கயோ-சான். கண்டுக்காதீங்க. எங்கம்மா மிசோ சூப்பக் கிண்டிட்டு கரண்டியால பானையத் தட்டும்ல, அந்த மாதிரி ஒரு பழக்கம். சத்தம் போடாதீங்கன்னு ரெண்டு தடவ சொல்லிப் பாத்தேன். கேக்கற ஆளா அது!"

மினோவா கையிலிருந்த தரச்சோதனைத் தாளைப் பார்த்தார். தொட்டிவாரியாக எழுதியிருந்தது. மூன்றாவது தொட்டியில் வீணானது நூற்றுக்கு இரண்டு.

அவர் நேராக அங்கே போனார். பொருள்களைக் கோத்துத் தொங்கவிட்ட கம்பியைக் கயோ ஒரு குழவியால் தட்டிக்கொண்டிருந்தாள். கேட்டதும் வெட்கப்படாமல் சொன்னாள்.

"மொத ரெண்டு மெதுவா. அது குமிழிய எழுப்பி விடறதுக்கு. அப்புறம் ஒரு மூச்சு விட்டுட்டு ஓங்கி ஒண்ணு. அது விரட்டறதுக்கு. தூங்கறவன எழுப்பாமலே விரட்டினா போவானா?"

அது பழக்கமில்லை. மூங்கில், இரும்பு, ரப்பர் என்று மாற்றி மாற்றிப் பார்த்திருக்கிறாள். எத்தனை தட்டு, எவ்வளவு இடைவெளி, எந்த இடத்தில் தட்டுவது என்று மூன்று வருடம், சாப்பாட்டு இடைவேளைகளில். பழைய நாள்காட்டித் தாள்களின் பின்பக்கம் எல்லாம் ஐந்து ஐந்து கோடுகளாகக் கணக்கு. அலமாரியைத் திறந்து அந்தத் தாள்களைக் கட்டாக எடுத்துக் காட்டினாள். மினோவா ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். அத்தனை வருடத் தொழில் வாழ்க்கையில் இப்படி ஒழுங்காகச் செய்த சோதனையை அவர் இரண்டு மூன்று தடவைதான் பார்த்திருந்தார்.

"கயோ-சான், இது பெரிய விஷயம். இத ஒரு பேராசிரியர்கிட்ட கொண்டுபோய் அளந்து பாக்கச் சொல்றேன். உங்க பேரு கண்டிப்பா இதுல வரும்."

"என் பேரு எதுக்குங்க," என்று கையை ஆட்டினாள். இரண்டு நிமிடம் கழித்து, அவர் கிளம்பும்போது, வாசல் வரை பின்னாலேயே வந்தாள். "ஒருவேள எழுதறதா இருந்தா, என் பேர்ல 'யோ'வுக்கு உலகம்ங்கற எழுத்து இல்ல. ராத்திரிங்கற எழுத்து. எல்லாரும் தப்பாவே எழுதிருவாங்க."

மினோவா தன் முகவரி அட்டையின் பின்னால் அந்த எழுத்தை எழுதிக்கொண்டார். நாள்காட்டித் தாள்களில் நாலைந்தையும், ஒரு துண்டில் சுற்றிய குழவியையும் வாங்கிக்கொண்டார்.

யாரைப் பார்த்துவிட்டு வந்தாலும் அன்றைக்கே நன்றிக் கடிதம் எழுதுவது அவர் வழக்கம். மை பேனாவால், நிறுத்தி நிதானமாக. அனுப்பும் முன் ஒரு நகல் எடுத்து, எண் போட்டுக் கோப்பில் வைத்துவிடுவார். கயோவுக்கு எழுதியது இருநூற்றுப் பதினான்காம் எண்.

ஆகஸ்டில் படம் போட்டார். முதலில் போட்ட படத்தில் அம்பு வலமிருந்து இடமாகத்தான் போனது. தொழிற்சாலை வட்டத்துக்குள் ஒரு சின்னப் பெட்டி, அதில் 'கயோ, முலாம் பிரிவு: விதை' என்று இருந்தது. பல்கலைக்கழக வட்டத்தில் 'அளத்தல், விளக்குதல்'. அனுப்பிய மறுநாள் மாவட்ட அரசிலிருந்து ஹிஷிகவா கூப்பிட்டாள். முப்பது வயதுகூட ஆகாத பெண். கெட்டிக்காரி, குரலை உயர்த்தாதவள்.

"மினோவா-சான், படம் எப்பவும் போல ரொம்ப அழகு. ஒரே ஒரு விஷயம்தான். விதை பல்கலைக்கழகத்துலயும் தேவை கம்பெனியிலயும் இருக்கணும், இல்லையா?"

"வழக்கமா அப்படித்தான். ஆனா இதுல விதை கம்பெனியிலதான் இருந்துது."

"புரியுது. ஆனா கம்பெனியிலேயே விதை இருந்தா பல்கலைக்கழகம் எதுக்குன்னு குழுவுல கேப்பாங்க. அதுக்கப்புறம் உதவித்தொகை எதுக்குன்னு கேப்பாங்க. கிதானி-சானுக்குத்தானே நஷ்டம்?"

"ஆனா உண்மை என்னன்னா..."

"உண்மைய பின்னிணைப்புல போட்டுருங்களேன்."

அவள் கிண்டலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே உதவி செய்கிற குரலில்தான் சொன்னாள்.

கம்ப்யூட்டரில் 'இடம் வலம் திருப்பு' என்று ஒரு பொத்தான் உண்டு. மினோவா அம்பைத் தொட்டு, அந்தப் பொத்தானை ஒரு தடவை அழுத்தினார். அம்பு திரும்பிக்கொண்டது. கயோவின் பெட்டி 'தேவை' என்ற எழுத்தின் மேல் ஏறி உட்கார்ந்து இடைஞ்சலாக இருந்தது. அதைத் தொட்டு நீக்கினார். பின்னிணைப்பு இரண்டு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது என்று விதி. அதில் ஏற்கெனவே இரண்டு பக்கம் இருந்தது.

அதற்குப் பிறகு அவர் ஒரு பொய்கூடச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அதுதான் இப்போது நினைத்தால் அவருக்குத் தாங்கவில்லை. எல்லாம் படத்தைப் பார்த்தே நடந்தது. திட்ட அறிக்கை படத்தைப் பார்த்து எழுதப்பட்டது. பத்திரிகைச் செய்தியும் அப்படியே. பல்கலைக்கழகத்தின் காப்புரிமைப் பிரிவு 'கண்டுபிடித்தவர்கள் யார் யார்?' என்று கேட்டு மின்னஞ்சல் அனுப்பியபோது, மினோவா பதில் எழுதினார்: 'இணைத்துள்ள படத்தைக் காண்க.' விண்ணப்பத்தில் குசுமி பெயரும் முதலாளி கிதானி பெயரும் ஏறின. குசுமியின் மாணவர்கள் இரண்டு மெதுவான தட்டும் ஒரு ஓங்கிய தட்டும் தட்டுகிற இயந்திரம் செய்து கொடுத்தார்கள். எல்லாத் தொட்டியிலும் வீணாவது நூற்றுக்கு இரண்டாகக் குறைந்தது. விருது வந்தது. மூன்றாவது தொட்டிக்கு ஆள் தேவையில்லாமல் போனது. பகுதிநேர ஊழியரான கயோவின் வாரம் ஐந்து நாளிலிருந்து மூன்று நாளாயிற்று.

செவ்வாய்க்கிழமை கூட்டம் முடிந்ததும் மினோவா காப்புரிமைப் பிரிவுக்குத் தொலைபேசியில் பேசினார். அங்கிருந்த பெண் உற்சாகமாகச் சொன்னாள்: காப்புரிமை கொடுக்க முடிவாகிவிட்டது, பதிவுக் கட்டணத்தை வெள்ளிக்கிழமை கட்டுகிறோம், வாழ்த்துகள்.

"கண்டுபிடிச்சவங்க பேர்ல ஒண்ணு சேக்கணும்னா?"

"பதிவாகறதுக்கு முன்னாடின்னா முடியும். பதிவாயிட்டா அவ்வளவுதான், கோர்ட்டுக்குத்தான் போகணும். எல்லாரும் கையெழுத்துப் போட்ட உறுதிமொழி ஒண்ணு, பேர் ஏன் விட்டுப்போச்சுன்னு நடந்தது தெரிஞ்சவர் எழுதின காரணத் தாள் ஒண்ணு. மாதிரி அனுப்பறேன். காரணத்துல 'கைத்தவறுதலால் விடுபட்டது'ன்னு எழுதிருங்க. எல்லாரும் அதான் எழுதுவாங்க. மேல ஒரு கேள்வி வராது."

ஹிஷிகவாவிடமும் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னார். அவள் கொஞ்ச நேரம் பேனா மூடியை மூடித் திறந்துகொண்டிருந்தாள்.

"கைத்தவறுதல்னா ஒண்ணும் பிரச்சினை இல்ல, மினோவா-சான். யாருக்கும் நடக்கறதுதான். வேற எதாவது எழுதினா, படத்த யார் பாத்தா, யார் சரின்னு சொன்னான்னு இந்த மேசைக்கும் வரும். அப்புறம் உங்க ஏப்ரல் ஒப்பந்தம். அதுவும் இந்த மேசைலதான் இருக்கு. மிரட்டறேன்னு நினைக்காதீங்க."

"நினைக்கல."

"கைத்தவறுதல்தானே?"

"ஆமா," என்றார் மினோவா.

வீட்டுக்கு வந்ததும் கோப்பை எடுத்து இருநூற்றுப் பதினான்கைப் புரட்டினார். தன் கையெழுத்தே யாரோ நேர்மையான ஆளுடையது போலத் தெரிந்தது. 'தாங்கள் மூன்றாண்டு முயன்று கண்டுபிடித்த தட்டும் முறையை நேரில் காணும் பேறு பெற்றேன்.' ஒரு கடிதத்தை எத்தனை பேர் ஒன்றரை வருடம் வைத்திருக்கிறார்கள்? தூக்கிப் போட்டிருப்பாள், என்று நினைத்தார். அப்படி நினைத்ததற்காக அப்போதே கூசினார். ஆனாலும் அப்படி நடந்திருந்தால் நல்லது என்ற எண்ணம் போகவில்லை. தாளை அதே இடத்தில், அதே எண் வரிசையில் திருப்பிச் செருகினார்.

புதன்கிழமை காலை குசுமியின் அறைக்குப் போனார். மேசை, நாற்காலி, தரை எங்கும் புத்தகம். உட்கார ஒரு இடத்தைக் காலி செய்ய குசுமி ஐந்து நிமிடம் போராடினார். மினோவா நடந்ததைச் சொன்னார். குசுமி கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, திரும்பவும் மாட்டிக்கொண்டார்.

"நீங்க அனுப்பின படத்துல என் பக்கத்துல விதைன்னு போட்டிருந்துது. என்னடா, நமக்கே தெரியாம எதையோ கண்டுபிடிச்சிருக்கோமேன்னு முதல்ல ஆச்சரியமா இருந்துது. அப்புறம் நாலு கருத்தரங்குல பேசினேன். பேசிப் பேசி நானே நம்பிட்டேன், மினோவா-சான்."

"தப்பு என்னோடது, சென்செய்."

"உங்களோடது மட்டுமா? ஒரு நாள் பொட்டலத்துல குழவி வருது. கூடவே நாள்காட்டித் தாள்ல கணக்கு வருது. இது யார் கையெழுத்துன்னு கேக்கணும்னு தோணிச்சு." அவர் நிறுத்தினார். "கேக்கல. கேட்டா பதில் வந்துருமே."

உறுதிமொழித் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். குழவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றதும் அவர் முகம் கலவரமானது. "அது சொத்துப் பதிவுல ஏறிருச்சே. வெளிய எடுக்க மூணு படிவம். ஒண்ணு செய்யலாம், காணாமப் போச்சுன்னு எழுதிடறேன்."

"வேண்டாம், சென்செய். சொந்தக்காரங்ககிட்ட திருப்பிக் குடுத்ததுன்னு எழுதுங்க."

"அதுக்குப் படிவமே இல்லையே," என்றார் குசுமி, உண்மையான வருத்தத்தோடு. ஆனாலும் ஒரு வெள்ளைத் தாளில் எழுதி ஒப்பமிட்டார். அன்று மதியம் அந்தத் தாளைக் காட்டி, மாவட்ட அலுவலகக் கூடத்துக் கண்ணாடிப் பெட்டியைத் திறக்கச் சொல்லி, மினோவா குழவியை வெளியே எடுத்தார். வெள்ளைத் துணியும் 'மோதல் ஊற்று - 1' என்ற அட்டையும் பெட்டிக்குள் அப்படியே கிடந்தன.

வியாழக்கிழமை கடலோரத்தில் இடி இடித்துக் குளிர் இறங்கியிருந்தது. கயோவுக்கு விடுமுறை நாள். கிதானியிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, பிறகு அவள் வீட்டைத் தேடிப் போவது என்று திட்டம். ஆனால் தொழிற்சாலை வாசலிலேயே அந்தச் சத்தம் கேட்டது. துடைப்பக் கட்டையின் சத்தம், கொஞ்சம் மந்தமாக.

"மெஷின் காலையிலேயே மல்லாந்துருச்சு," என்றார் கிதானி. "லீவு நாள்ல கயோ-சானைக் கூப்பிட்டேன். வந்ததுலேர்ந்து என்னை வறுத்து எடுக்குது."

விஷயத்தைக் கேட்டதும் அவர் முதலில் ஓவென்று சிரித்தார். "அப்ப ஒரு கண்டுபிடிப்பப் பாத்துத்தானா நான் சத்தம் போடாதேன்னு சொன்னேன்!" பிறகு சிரிப்பு நின்றது. "எனக்கு ஏன் சொல்லல, மினோவா-சான்? குசுமி-சென்செய் குழவியப் பாத்து ஏதோ தத்துவத்தக் கண்டுபிடிச்சார்னு நினைச்சேன். தத்துவம் வந்திருச்சேன்னுதான் அந்தம்மா நாளக் குறைச்சேன்."

மினோவா குனிந்து வணங்கினார். கிதானி, கையெழுத்துக்குப் பதிலாகப் போடும் தன் பெயர் முத்திரையை மையில் ஒற்றி, தேவைக்கு மேல் அழுத்திக் குத்தினார். சாப்பாட்டு அறைக்குக் கயோவைக் கூப்பிட்டு விட்டுவிட்டு வெளியே போய்விட்டார்.

கயோ ரப்பர் கையுறையைக் கழற்றி மேசை ஓரத்தில் தொங்கவிட்டாள். பாதி தின்ற கடற்பாசிச் சோற்றுருண்டை அங்கே இருந்தது. அதை ஒதுக்கிவைத்துவிட்டு, மினோவா நீட்டிய இரண்டு தாளையும் வாங்கி, முதல் தாளில் தன் பெயரைத் தேடினாள். 'யோ'வுக்கு ராத்திரி எழுத்தே போட்டிருந்தது. அதன்மேல் விரலை வைத்து எடுத்தாள்.

"சரியா எழுதிருக்கீங்க."

இரண்டாவது தாள் காரணத் தாள். மினோவாவின் பெயரில், அவர் கையால் எழுதியது. அதை மெல்ல வாய்விட்டுப் படித்தாள்.

"'மேற்படியாரின் பெயர் கைத்தவறுதலால் விடுபட்டது.'" நிமிர்ந்தாள். "எந்தக் கை?"

மினோவாவுக்குப் புரியவில்லை. "என்னங்க?"

"எந்தக் கை தவறிச்சுன்னு கேக்கறேன். இடது கையா, வலது கையா?"

"அது... அப்படி எழுதறதுதான் வழக்கம்."

"இதுவும் முறையா." அவள் எழுந்து அலமாரியைத் திறந்தாள். நாள்காட்டிக் கட்டுக்கு அடியிலிருந்து ஒரு உறையை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தாள். உறைமேல் அவருடைய எழுத்து. "எனக்கு யாரும் மை பேனாவுல கடிதம் எழுதினதில்ல. எழுத்து அழகா இருந்துதேன்னு வெச்சிருந்தேன். படிச்சுப் பாருங்க. இத எழுதினவருக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு."

படிக்க வேண்டியிருக்கவில்லை. அவருக்கு மனப்பாடம்.

"கயோ-சான், இப்படி எழுதினா யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க. உங்க பேரு நாளைக்குள்ள ஏறிரும். அதுதானே முக்கியம்?"

"உங்களுக்கு அதுதான் முக்கியமா இருக்கும்." குரல் உயரவில்லை. "ஒன்றரை வருஷமா நான் என்ன நினைச்சேன் தெரியுமா? பெரியவங்க அளந்து பாத்தப்ப, நான் செஞ்சது ஒண்ணுமில்லன்னு தெரிஞ்சிருக்கும், அதான் பேர எடுத்துட்டாங்க, பாவம் மினோவா-சான் சொல்ல முடியாம இருக்கார், அப்படின்னு நினைச்சேன். உங்களுக்காகப் பாவப்பட்டேன். அன்னைக்குக் கூடத்துல அந்தக் கண்ணாடிப் பெட்டியப் பாத்தப்புறம்தான், ஓ, ஒண்ணுமில்லாததுக்கா பெட்டி செய்வாங்கன்னு தோணிச்சு. இப்ப நீங்க கைத்தவறுதல்னு எழுதினா, நான் பாவப்பட்டது எந்தக் கணக்குல போகும்?"

உள்ளே எங்கோ தொட்டியின் மோட்டார் ஒன்று இருமிவிட்டு நின்றது. மினோவா பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் எடுத்தார். காரணத் தாளில் கையெழுத்து அவருடையது மட்டும்தான். வேறு யாரையும் கேட்க வேண்டியதில்லை.

'இந்தத் தட்டும் முறையைக் கண்டுபிடித்தவர் இவரே என்பதை நான் முதல் நாளிலிருந்து அறிவேன்' என்று எழுதினார். 'படிவத்துக்குப் பொருந்தவில்லை என்பதால், தெரிந்தே' என்ற இடத்தில் பேனா நின்றது. ஹிஷிகவா சொன்னதையும் எழுதவா? அவள் சொன்னது உண்மை. ஆனால் பொத்தானை அழுத்திய விரல் யாருடையது? 'தெரிந்தே இவருடைய பெயரை நான் நீக்கினேன்' என்று முடித்து, தேதி போட்டார். ஏப்ரல் மாதம் என்று ஒன்று இருப்பது அந்த நேரம் பார்த்து நினைவுக்கு வந்தது. தாளைத் திருப்பி அவள் பக்கம் தள்ளினார்.

கயோ படித்தாள். இரண்டாவது தடவையும் படித்தாள். பையிலிருந்து முத்திரையை எடுத்து, உறுதிமொழித் தாளில் தன் பெயருக்குப் பக்கத்தில் நேராக வைத்து அழுத்தினாள்.

"பேர் ஏறினா," என்றாள் முத்திரையைத் துடைத்தபடி, "செவ்வாய்க்கிழமை திரும்பி வருமா?"

"தெரியல. கிதானி-சான்கிட்ட பேசறேன்." 'கண்டிப்பா' என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டார்.

எழுந்து நின்று, இடுப்பு வளைய வணங்கினார். "ரொம்பத் தப்புப் பண்ணிட்டேன். மன்னிச்சிருங்க." இந்த ஊரில் இதற்கு மறுமொழி எல்லோருக்கும் பழக்கமான ஒன்றுதான். 'இல்ல இல்ல, அதெல்லாம் ஒண்ணுமில்ல' என்பார்கள். காலை மிதித்தாலும் அதான், கார் இடித்தாலும் அதான். குனிந்தபடியே மினோவா அதற்காகக் காத்திருந்தார். சாப்பாட்டு அறைச் சுவர்க்கடிகாரம் ஓடுவது கேட்டது. மறுமொழி வரவில்லை. பிறகு அவராகவே நிமிர்ந்துகொண்டார்.

துண்டில் சுற்றியிருந்த குழவியை இரண்டு கையாலும் நீட்டினார். கயோ வாங்கி, உள்ளங்கையில் தட்டிப் பார்த்தாள். இடுப்பில் ஒட்டியிருந்த சொத்து எண்ணைப் பார்த்தாள். திருப்பி அவரிடமே கொடுத்தாள்.

"இத எடுத்துக் குடுங்க."

மினோவா நகத்தால் ஓரத்தைக் கிளப்பி இழுத்தார். பாதி வந்தது. மீதி, வெள்ளையாகப் பிசுபிசுவென்று மரத்திலேயே தங்கிவிட்டது. அவர் நிறுத்தினார்.

"அதையும்," என்றாள் கயோ, கையுறையை மாட்டிக்கொண்டே. "பாதில விட்டா அழுக்குதான் ஒட்டும். வெந்நீர் அங்க இருக்கு. நான் தொட்டிப் பக்கம் போறேன், முடிஞ்சதும் கொண்டு வாங்க."

அவர் வெந்நீர்க் கெண்டியைத் திறந்து துண்டின் நுனியை நனைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வெளியே துடைப்பக் கட்டை தட்டத் தொடங்கியது. அவர் தலை நிமிராமல் சுரண்டிக்கொண்டிருந்தார்.